மிளகாய்க் குருத்து சுருளுது, சாடித் தட்டில நுளம்புக் குடம்பி: ரெண்டுக்கும் ஒரே மருந்து இருக்குதா?

மேல்மாடி (வெள்ளவத்தை)

நாலாம் மாடிக்கு மேல மொட்டைமாடி. 22 சாடி: மிளகாய் 9, தக்காளி 5, கத்தரி 4, மிச்சம் பாகலும் கீரையும். மிளகாயில 6 கண்டுக்குக் குருத்திலை சுருண்டிட்டுது. சாடிக்குக் கீழ வச்ச பிளாஸ்ரிக் தட்டுகளில தண்ணி நிக்குது, அதுக்குள்ள நெளியிற புழு. பக்கத்து ஒழுங்கையில டெங்கு எண்டு புகை அடிச்சிருக்கு, பிஎச்ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) எந்த நேரமும் மேல ஏறி வரலாம். கையில இருக்கிறது நுளம்புக்கு அடிக்கிற ஸ்பிரே ரின் ஒண்டுதான். அதையே செடிக்கும் தட்டுக்கும் அடிச்சா சரிவருமா? இல்லாட்டி புறக்கோட்டையில என்ன கேட்டு வாங்கிறது?

சிரட்டை

ரின்னை முதல்ல உள்ள வையுங்கோ. அது வீட்டுக்குள்ள பறக்கிற நுளம்புக்குச் செய்தது. அதில இருக்கிற கரைப்பான் மிளகாய் இலையைக் கருக்கும், சாப்பிடுற பயிருக்கு அதைப் பதிவு செய்ததும் இல்லை. தண்ணிக்குள்ள இருக்கிற குடம்பிக்கும் அது மருந்தில்லை.

தட்டு வேலையை இண்டைக்கே முடியுங்கோ. தண்ணியை வடிகாலில ஊத்தாமல் வெயில் படுற சூடான சீமெந்துத் தரையில ஊத்துங்கோ, குடம்பி காய்ஞ்சு செத்திடும். ஆனா ஊத்திறது பாதி வேலைதான். டெங்கைப் பரப்புற ஈடிஸ் நுளம்பு முட்டையைத் தண்ணியில இடாது, தண்ணி மட்டத்துக்குக் கொஞ்சம் மேல, ஈரமான சுவரில ஒட்டும். கறுத்த, ஒரு மில்லிமீற்றரும் இல்லாத முட்டை, பாத்தால் கரிப்புள்ளி மாதிரி. தண்ணியை ஊத்தின பிறகும் அது காய்ஞ்சபடி மாதக்கணக்கா உயிரோட இருக்கும். அடுத்த மழைக்குத் தட்டு நிறைஞ்சால் பொரிக்கும். அதனால தும்புப் பிரஷும் சவர்க்காரமும் போட்டு உள்விளிம்பைச் சுத்தித் தேய்ச்சுக் கழுவவேணும். தேய்க்காத தட்டு வெறுமையா இருந்தாலும் சுத்தம் எண்டு நினைக்கவேண்டாம்.

கொழும்புச் சூட்டில முட்டை பொரிச்சதில இருந்து பறக்கிற வரைக்கும் 7 தொடக்கம் 10 நாள். வாரத்துக்கு ஒருக்கா, வாரா வாரம் ஒரே நாளில எண்டு சொல்லுறது அதுக்காகத்தான். பத்து நாளைக்கு ஒருக்கா எண்டால் ஒரு தொகுதி பறந்து போயிடும்.

வேப்பங்கொட்டை

மிளகாய்க்கு மருந்து சொல்ல முன்னம் இலை எந்தப் பக்கம் சுருளுது எண்டு சொல்லுங்கள். "குருமன்" என்று ஊரில் ஒரே பேரில் சொல்வதற்குள் மூன்று வெவ்வேறு விடயங்கள் இருக்கின்றன.

விளிம்பு மேல்நோக்கி மடிந்து இலை வள்ளம் போல நின்றால் பனிப்பூச்சி. விளிம்பு கீழ்நோக்கி மடிந்து, கவிழ்த்த கரண்டி போல, இலைக்காம்பு நீண்டு, அடிப்பக்கம் வெண்கல நிறமாகப் பளபளத்தால் சிற்றுண்ணி, அதாவது மைற்றா. இலை சிறுத்து, நரம்புக்கிடையில் மஞ்சளித்து, கணுவுக்குக் கணு நெருங்கிச் செடி பற்றையாகிப் போனால் இலைச்சுருள் வைரஸ், அதைக் காவுவது வெள்ளை ஈ.

வெள்ளைத் தாள் ஒன்றைக் குருத்துக்குக் கீழே பிடித்து விரலால் நாலு தட்டுத் தட்டுங்கள். அரை நிமிடம் பொறுத்துப் பாருங்கள். வெளிர் மஞ்சளாக, ஊசிமுனை அளவில், நீளவாக்கில் ஓடுவது பனிப்பூச்சி. தாளில் ஒன்றும் ஓடாமல் இலை மட்டும் கீழே மடிந்திருந்தால் மைற்றாவாக இருக்கலாம். அது 0.2 மில்லிமீற்றர்தான், 10 மடங்கு லென்ஸ் இல்லாமல் கண்ணுக்குத் தெரியாது. செடியை மெல்ல அசைத்ததும் வெள்ளைத் தூள் கிளம்பினது போல் பறந்து திரும்ப வந்து இலையடியில் உட்கார்ந்தால் அது வெள்ளை ஈ.

மட்டக்குளி

தட்டுக்கு இவ்வளவு வேலை எதுக்கு? ரெண்டு சொட்டு மண்ணெண்ணெய், இல்லாட்டி பழைய எஞ்சின் ஒயில். அந்தக் காலத்தில மலேரியாவுக்கு கிணறு, குழி எல்லாத்துக்கும் ஒயில்தானே அடிச்சது.

சிரட்டை

அடிச்சது உண்மை அண்ணை, குடம்பி மூச்செடுக்க மேல வரேக்க ஒயில் படலம் குழாயை அடைக்கும். ஆனா அது குழியில. சாடித் தட்டில தண்ணி அடித்துளையால திரும்ப மண்ணுக்குள்ள ஏறும். ஒயில் வேரில படிஞ்சால் கண்டு மஞ்சளிச்சு நிண்டுபோகும், மண்ணும் கெடும். மழைக்குத் தட்டு வழிஞ்சால் கீழ்மாடிச் சுவரெல்லாம் கறை. எஞ்சின் ஒயிலில பார உலோகமும் இருக்குது, கீரை வளர்க்கிற இடத்தில அது வேண்டாம்.

அவசரத்துக்கு, தேய்க்க நேரமில்லாத இடத்தில, பாத்திரம் கழுவுற திரவம் லீற்றருக்கு 1 மி.லீ. போதும். தண்ணியின் மேற்பரப்பு இழுவிசை குறைஞ்சு குடம்பியும் கூட்டுப்புழுவும் மேல தொங்க ஏலாமல் மூழ்கும். ஒண்டு ரெண்டு நாளில சவர்க்காரம் சிதைஞ்சிடும், அதனால அது நிரந்தர வழியில்லை.

நிரந்தர வழி எண்டால் தட்டே வேண்டாம். சாடியை ரெண்டு செங்கல்லில தூக்கி வையுங்கோ. கீழ்வீட்டுக்காரர் ஒழுகுது எண்டு சண்டைக்கு வந்தால் தட்டை வச்சு, விளிம்பு வரைக்கும் கரடுமுரடான ஆத்துமணல் நிரப்புங்கோ. ஈரம் மணலுக்குள்ள நிக்கும், திறந்த தண்ணி மேல தெரியாது. இதில எல்லாரும் விடுற பிழை ஒண்டு: மே தொடக்கம் செப்ரெம்பர் வரையும், பிறகு ஒக்ரோபர், நவம்பரிலும் இஞ்ச பெய்யிற மழைக்கு மணலுக்கு மேலாலயும் தண்ணி நிக்கும். மணல் மட்டத்தில, தட்டின் பக்கத்தில, 5 மில்லிமீற்றர் துளை ரெண்டு போடுங்கோ. சூடாக்கின ஆணி போதும்.

கொட்டாஞ்சேனை கறிவேப்பிலை

தட்டு மட்டும் இல்லைங்க. எறும்பு ஏறாம இருக்க ஸ்டாண்ட் கால நாலு தண்ணிக் கிண்ணத்துல வைக்கிறோமே, அதுவும் நுளம்புப் பண்ணைதான். எறும்ப விட்டாலும் சிக்கல், அது சாறு உறிஞ்சுற அழுக்கணவனையும் மாப்பூச்சியையும் மேய்க்குது. இனிப்புக் கழிவ எடுத்துக்கிட்டு, பூச்சியத் தின்ன வர்ற பொறிவண்டக் கடிச்சுத் துரத்துது. எறும்பத் தடுக்காம மாப்பூச்சிக்கு என்ன அடிச்சாலும் திரும்ப வரும். ரெண்டையும் எப்படிச் சமாளிக்கிறதுன்னு யாராவது சொல்லுங்க.

வேப்பங்கொட்டை

கிண்ணத்தைத் தூக்கி எறியுங்கள், அக்கா. ஸ்டாண்ட் காலில் 5 சென்ரிமீற்றர் அகலத்துக்கு பிளாஸ்ரர் ரேப் சுற்றி, ரேப்பின் மேல் கிறீஸ் பூசுங்கள். இரும்பில் நேரே பூசினால் வெயிலில் உருகி வழியும், ரேப்பில் பூசினால் தங்கும். தூசி படிந்து பாலமாகிவிடும், அதனால் மூன்று வாரத்துக்கு ஒருமுறை வழித்துப் புதிதாகப் பூசவேண்டும். செடித் தண்டில் நேரே கிறீஸ் பூசாதீர்கள், பட்டை வெந்துவிடும்.

இதைவிட முக்கியம்: ஒரு கிளை சுவரையோ கம்பியையோ தொட்டுக்கொண்டிருந்தால் கிறீஸ் பூசியும் பயனில்லை. எறும்பு அந்த வழியால் ஏறும். முதலில் பாலங்களை வெட்டுங்கள்.

மேல்மாடி (வெள்ளவத்தை)

தாள் வச்சுத் தட்டிப் பாத்தன். 5 கண்டில மஞ்சள் ஊசி மாதிரி 8, 10 எண்டு ஓடுது, இலை மேல மடிஞ்சிருக்கு. ஒண்டில தாளில ஒண்டுமில்லை, இலை கீழ மடிஞ்சு அடிப்பக்கம் பித்தளை மாதிரி மினுங்குது. மஞ்சள் பற்றை ஒண்டுமில்லை. தட்டு 22ஐயும் தேய்ச்சாச்சு.

வேப்பங்கொட்டை

அப்படியானால் ஐந்துக்குப் பனிப்பூச்சி, ஒன்றுக்கு மைற்றா. வைத்தியம் வேறு வேறு.

பனிப்பூச்சிக்கு: நன்றாகச் சுருண்ட குருத்துகளைக் கிள்ளி உடனே சவர்க்காரத் தண்ணி உள்ள வாளியில் போடுங்கள். கிள்ளித் தரையில் போட்டால் அதுவே திரும்ப ஏறும். பிறகு வேப்பெண்ணெய்: 1 லீற்றர் தண்ணிக்கு 5 மி.லீ. எண்ணெய், 2 மி.லீ. பாத்திரம் கழுவும் திரவம். எண்ணெயையும் சவர்க்காரத்தையும் முதலில் சிறு போத்தலில் ஊற்றிப் பால் நிறம் வரும்வரை குலுக்குங்கள், பிறகுதான் தண்ணி. நேரே தண்ணியில் எண்ணெயை ஊற்றினால் மேலே மிதக்கும், முதல் பாதி வெறும் தண்ணியும் கடைசிப் பாதி வெறும் எண்ணெயுமாகச் செடிக்குப் போகும். "வேப்பெண்ணெய் அடிச்சு மிளகாய் கருகிட்டுது" என்று எழுதுகிறவர்களில் அரைவாசிப் பேர் செய்த பிழை இதுதான். நாட்டு மருந்துக் கடையில் வாங்கும் எண்ணெய் சுத்தமானதா என்று கேட்டு வாங்குங்கள், வாசனை சேர்த்த தலைக்குப் பூசும் எண்ணெய் வேண்டாம்.

பின்னேரம் 4.30க்குப் பிறகு, இலையின் அடிப்பக்கத்தில் படும்படி அடியுங்கள். வேம்பில் பூச்சிக்கு எதிராக வேலை செய்யும் அசாடிராக்டினை வெயில் சிதைத்துவிடும், எண்ணெய் பூசிய இலையை நண்பகல் வெயில் சுட்டுவிடும், இரண்டும் நட்டம்தான். ஒருமுறை அடித்து நிறுத்தாதீர்கள். பனிப்பூச்சியின் முட்டை இலைத் திசுவுக்குள் இருக்கிறது, கூட்டுப்புழுப் பருவம் சருகிலும் மேல்மண்ணிலும். நீங்கள் அடிப்பது நடுவில் இருக்கும் இளம் பூச்சிக்கு மட்டுமே. 6 நாள் இடைவெளியில் மூன்று முறை. சாடியின் மேலிருக்கும் சருகைக் கூட்டி அள்ளிவிட்டு, மேல்மண்ணை ஒரு அங்குலம் கிளறி விடுங்கள்.

மைற்றா பிடித்த அந்தக் கண்டை மற்றவற்றிலிருந்து தள்ளி வையுங்கள். அதற்கு நனையும் கந்தகத் தூள் 80 சதவீதம், லீற்றருக்கு 2 கிராம், 7 நாளில் இன்னொரு முறை. வேப்பெண்ணெய் அடித்த செடிக்கு இரண்டு வாரத்துக்குள் கந்தகம் போடக்கூடாது, இரண்டும் சேர்ந்தால் இலை வெந்துபோகும். எனவே அந்த ஒரு கண்டுக்கு எண்ணெய் வேண்டாம். கடைக்காரர் "சுருளுக்கு" என்று இமிடாகுளோப்ரிட் (சுருக்கமாக இமிடா) என்ற பூச்சிமருந்தை எடுத்துத் தருவார். மைற்றா பூச்சியே அல்ல, எட்டுக் கால் இனம். இமிடா அதைத் தொடாது, அதைத் தின்னும் நல்ல பூச்சிகளைத்தான் பாதிக்கும்.

இன்னொன்று: வெள்ளை ஈயின் காலைப் பிடித்துக்கொண்டு மைற்றா செடிக்குச் செடி போகும். மஞ்சள் பற்றை இல்லை என்று நீங்கள் எழுதியிருந்தாலும் ஒரு மஞ்சள் ஒட்டுப்பொறி கட்டி வையுங்கள்.

கொட்டாஞ்சேனை கறிவேப்பிலை

மஞ்சள் பொறிக்குக் கடைக்குப் போகவேணாம். பழைய மஞ்சள் பிளாஸ்டிக் மூடி, மேல ஆமணக்கெண்ணெய் இல்லாட்டி கிறீஸ் மெல்லிசாத் தடவினா சரி. செடி உச்சிக்கு ஒரு சாண் மேல இல்ல, உச்சி மட்டத்துல தொங்கவிடணும். பனிப்பூச்சிக்கு நீல நிறம் கூடப் பிடிக்கும்.

பால்மா பைக்கற்ற வெட்டி விரிச்சு, வெள்ளி நிறப் பக்கம் மேல வர்ற மாதிரி சாடி மண்ணு மேல போட்டுப் பாருங்க. வெளிச்சம் கீழேருந்து தெறிக்கிறதுல வெள்ளை ஈயும் பனிப்பூச்சியும் இறங்கத் தடுமாறும். ஆனா குழி விழாம விரிச்சு, ஊசியால பத்துப் பதினைஞ்சு ஓட்டை போடுங்க. இல்லாட்டி அதுலயும் தண்ணி நிக்கும், சிரட்டை வந்து ஏசுவார்.

சிரட்டை

ஏசத்தான் செய்வன். சிரட்டையும் பால்மா பைக்கற்றும் ஒரே சாதி. :)

மட்டக்குளி

சவர்க்காரத் தண்ணி மட்டும் அடிச்சா காணாதோ? யாழ்ப்பாணத்தில அடிச்சா ஒண்டும் சாகுதில்லை எண்டுறாங்கள், இஞ்ச சாகுது எண்டுறீங்கள்.

வேப்பங்கொட்டை

இரண்டு பேரும் சொல்வது சரி. யாழ்ப்பாணக் கிணற்றுத் தண்ணி சுண்ணாம்புப் பாறைத் தண்ணி. சவர்க்காரம் கல்சியத்தோடு சேர்ந்து தயிர் போலத் திரிந்துவிடும், பூச்சியைக் கொல்ல மிச்சம் இருக்காது. அங்கே மழைத்தண்ணி பிடித்துக் கரைக்கவேண்டும். கொழும்புக் குழாய்த் தண்ணி களனி ஆற்றிலிருந்தும் லபுகம, களட்டுவாவ நீர்த்தேக்கங்களிலிருந்தும் வருவது, மென்மையானது, நன்றாக நுரைக்கும்.

அளவு: துணி தோய்க்கும் கட்டிச் சவர்க்காரம் சீவி 5 கிராம், 1 லீற்றருக்கு. சலவைத் தூள் வேண்டாம். அழுக்கணவன், வெள்ளை ஈ, மாப்பூச்சிக் குஞ்சு ஆகிய மென்னுடல் பூச்சிக்குத்தான் இது வேலை செய்யும், அதுவும் நனைந்தால் மட்டும். காய்ந்த பிறகு அதில் நஞ்சு இல்லை, நல்லதற்கும் அதுவே காரணம். முதலில் இரண்டு இலையில் அடித்து ஒரு நாள் பாருங்கள், பிறகு முழுச்செடிக்கு.

தெஹிவளைத் தோட்டம்

கொஞ்சம் விலகிக் கேக்கிறன். பாகல் பந்தலில பழ ஈப் பொறி தொங்குது, மீத்தைல் யூஜினோல் பஞ்சு. நாளுக்கு 30, 40 ஈ விழுது. ஆனா பாகற்காய் எல்லாம் பிஞ்சிலயே வளைஞ்சு மஞ்சளிச்சு அழுகுது, வெட்டினால் உள்ள வெள்ளைப் புழு. பொறி நிறைய ஈ இருந்தும் ஏன் குறையுதில்லை?

வேப்பங்கொட்டை

ஏனென்றால் நீங்கள் பிடிப்பது உங்கள் ஈயை அல்ல, அயலில் நிற்கும் மாமரத்து ஈயை. மீத்தைல் யூஜினோல் இழுப்பது மாம்பழ ஈயின் ஆண்களை. பாகல், புடோல், பீர்க்கு, வெள்ளரியைக் குத்துவது வேறு இனம், அதற்குக் கியூலூர் என்ற வேறு கவர்ச்சிப் பொருள் வேண்டும். இரண்டு பஞ்சையும் ஒரே டப்பாவில் வைக்காமல் சில மீற்றர் தள்ளித் தள்ளிக் கட்டுங்கள்.

அப்படி மாற்றினாலும் பொறியை முழுதாக நம்பாதீர்கள். விழுவதெல்லாம் ஆண். முட்டையிடும் பெண் வேறு வீட்டில் கருக்கட்டிவிட்டு உங்கள் பந்தலுக்கு வரும். சிறு தோட்டத்தில் பொறி என்பது ஈ வந்துவிட்டதா என்று சொல்லும் மணி. காயைக் காப்பது உறைதான்.

பூ வாடி, பிஞ்சு சுண்டுவிரல் அளவாகும்போதே உறை போடவேண்டும். ஒரு வாரம் பிந்தினால் முட்டையை உள்ளே வைத்துப் பூட்டியதாகிவிடும். பத்திரிகைத்தாள் உறை கொழும்பு மழைக்கு இரண்டு நாளில் கரையும். பொலித்தீன் வியர்த்து அழுகவைக்கும். நைலோன் சேலைத் துண்டில் 12 அங்குல நீளப் பை தைத்து, அடி திறக்காமல் தைத்து, காம்பில் நூலால் கட்டுங்கள், கழுவித் திரும்பப் பாவிக்கலாம்.

அழுகிய காயைச் செடியடியில் விடாதீர்கள், கூட்டெருக் குவியலிலும் போடாதீர்கள். புழு நிலத்தில் குதித்து மண்ணுக்குள் கூட்டுப்புழுவாகும். கறுத்தப் பொலித்தீன் பையில் போட்டு இறுகக் கட்டி ஒரு வாரம் வெயிலில் வைத்துவிட்டு மண்ணில் புதையுங்கள். வாழைப்பழத் தட்டைச் சுற்றும் சின்ன ஈ வேறு, அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அதைக் கண்டு பயப்படவேண்டாம்.

கொட்டாஞ்சேனை கறிவேப்பிலை

வலை பத்தி ஒரு சந்தேகம். நாற்றுக்கு நுளம்பு வலை போட்டு மூடினா வெள்ளை ஈ வராதுதானே?

சிரட்டை

வரும். நுளம்பு வலைக்கண் ஏறத்தாழ 1.2 மில்லிமீற்றர். வெள்ளை ஈயின் நீளமே 1 மில்லிமீற்றர், உடல் அதைவிட ஒடுக்கம், நடந்தே உள்ள போகும். அங்குலத்துக்கு 40 தொடக்கம் 50 கண் உள்ள பூச்சி வலை கேட்டு வாங்கவேணும். பனிப்பூச்சி அதுக்குள்ளாலயும் புகும். நுளம்பு வலையைத் தண்ணித் தாங்கியின் காற்றுக்குழாய்க்கும் வழிந்தோடுற குழாய்க்கும் கட்டுங்கோ, அங்கதான் அது உதவும்.

தெஹிவளைத் தோட்டம்

பப்பாசியிலும் அரலியாப் பூமரத்திலும் வெள்ளைப் பஞ்சு. மாப்பூச்சி. பவர் வாஷ் அடிச்சு எல்லாத்தையும் வழிச்செடுக்கலாமோ?

வேப்பங்கொட்டை

பொறுங்கள். 2008இல் பப்பாசி மாப்பூச்சி இந்த நாட்டில் கண்டுபிடிக்கப்பட்டபோது மருந்தடித்து ஒன்றும் ஆகவில்லை. மெழுகுப் பஞ்சு மருந்தை உள்ளே விடாது. 2009இல் அசெரோபாகஸ் என்ற நுண்குளவியை வெளியே இருந்து கொண்டுவந்து விட்ட பிறகுதான் அடங்கியது. அந்தக் குளவி மாப்பூச்சியின் உள்ளே முட்டையிட்டு, அதை மண்ணிறமான ஊதிய கோதாக்கி, வட்டத் துளை போட்டு வெளியேறும். உங்கள் பஞ்சுக்குள் துளையுள்ள கோது தெரிந்தால் குளவி வேலையில் இருக்கிறது. நீங்கள் எதுவும் அடிக்காமல் இருப்பதே உதவி. இந்தத் தீவில் இது புதுமையுமல்ல: தேயிலை இலைசுருட்டிப் புழுவுக்கு யாவாவிலிருந்து மக்ரோசென்ட்ரஸ் குளவியைக் கொண்டுவந்தது 1935–36இல்.

பஞ்சுக்குள் இன்னும் கவனமாகப் பாருங்கள். மாப்பூச்சி போலவே வெள்ளை மெழுகு பூசிக்கொண்டு, ஆனால் பெரிதாகவும் விறுவிறுவென்று நடந்தும் திரிவது பொறிவண்டுக் குடம்பி. மாப்பூச்சிதான் அதன் சாப்பாடு. பாதிப் பேர் அதையே முதலில் நசுக்குகிறார்கள். குரங்கு முகம் போன்ற சிறு கூட்டுப்புழு இலையில் ஒட்டியிருந்தால் அது ஸ்பால்கிஸ் என்ற வண்ணத்துப்பூச்சி, அதன் புழுவும் மாப்பூச்சி தின்னிதான். அதைப் பார்த்து ரசித்துவிட்டு விட்டுவிடுங்கள்.

இவை ஒன்றும் இல்லாமல் வெறும் பஞ்சு மட்டும் என்றால் மோசமான கொப்புகளை வெட்டிச் சவர்க்கார வாளியில் போட்டு, மிச்சத்துக்குக் குழாய்த் தண்ணியை விரலால் அமர்த்திப் பீச்சினால் போதும். பவர் வாஷ் பப்பாசித் தண்டைக் கிழிக்கும்.

மேல்மாடி (வெள்ளவத்தை)

அப்ப ஒழுங்கையில அடிக்கிற புகை இந்தக் குளவி, பொறிவண்டு எல்லாத்தையும் கொல்லாதோ?

சிரட்டை

கொல்லும். புகைக்கு எது நுளம்பு எது குளவி எண்டு தெரியாது. அதோட புகையில சாகிறது அந்த நேரம் பறக்கிற, புகை படுற நுளம்பு மட்டும். குடம்பிக்கும் முட்டைக்கும் ஒண்டும் ஆகாது. நாலைஞ்சு நாளில புதுத் தொகுதி கிளம்பும். ஆனா டெங்கு நோயாளி இருக்கிற வீட்டைச் சுத்தி அடிக்கிறதுக்குக் காரணம் இருக்கு: வைரஸை ஏற்கெனவே காவிக்கொண்டு திரியிற நுளம்பை அண்டைக்கே குறைக்கிறது. அந்த வேலைக்கு அது சரி. 2017இல நாடு முழுக்க 186,101 பேருக்கு டெங்கு பதிவானது. அந்த மாதிரி நேரத்தில புகையைத் தடுக்கச் சொல்லி நான் நிக்கமாட்டன்.

அடிக்க வரேக்க கதவு, யன்னலைத் திறந்துவிடுங்கோ. எல்லாரும் மூடுவினம். ஈடிஸ் அலுமாரிக்குப் பின்னாலயும் கட்டிலுக்குக் கீழயும்தான் இருக்கும், மூடினால் புகை உள்ள வராது. சாப்பாட்டையும் மீன்தொட்டியையும் மூடுங்கோ. சாடிகளில நெருக்கமா நிக்கிறதுகளுக்கு ஒரு ஈரத் துணி போட்டு, அரை மணித்தியாலத்தால எடுங்கோ. கீரையை அடுத்த நாள் கழுவிச் சமையுங்கோ.

பிஎச்ஐ வாறதுக்குப் பயப்படத் தேவையில்லை. 2007ஆம் ஆண்டு 11ஆம் இலக்கச் சட்டப்படி குடம்பி இல்லாமல் இடத்தை வச்சிருக்கிறது வீட்டில இருக்கிறவரின் பொறுப்பு. தட்டைத் தேய்ச்சாச்செண்டால் அவருக்குத் தேநீர் குடுத்து அனுப்பலாம்.

மட்டக்குளி

பிரி (Bt) எண்டு ஒரு பற்றீரியா மருந்து இருக்காம், புழுவுக்கும் நுளம்புக்கும் ரெண்டுக்கும் ஒண்டுதான் எண்டு கடையில சொல்லுறான். தலைப்பில கேட்ட "ஒரே மருந்து" அதுதானே?

வேப்பங்கொட்டை

பெயர் ஒன்று, வகை வேறு. கோவாப் புழு, காய்ப்புழுவுக்கு விற்பது குர்ஸ்டாகி. நுளம்புக் குடம்பிக்கு இஸ்ராயலென்சிஸ், அதாவது பிரிஐ (Bti). ஒன்றின் நச்சுப் பளிங்கு மற்றதன் குடலில் வேலை செய்யாது. லேபலில் முழுப்பெயரைப் பாருங்கள். இரண்டும் தின்றால்தான் கொல்லும். நுளம்பின் கூட்டுப்புழு எதையும் தின்னாது, அதனால் பிரிஐ போட்ட தண்ணியிலிருந்தும் இரண்டு நாளைக்கு நுளம்பு பறக்கும். அதைப் பார்த்து மருந்து பிழை என்று எறியவேண்டாம்.

சிரட்டை

ரெஜிஃபோம் பெட்டியில மண்ணில்லாமல், அல்பேர்ட் எண்ட ஊட்டக் கரைசல் வச்சு சலாது வளர்க்கிறவை இதைக் கேளுங்கோ. கப் வைக்கிற ஓட்டைக்கும் கப்புக்கும் இடையில விரல் போனால் நுளம்பும் போகும். வெறுமையான ஓட்டையை ரேப்பால ஒட்டுங்கோ. சுவாசத் துளைக்கு நுளம்பு வலைத் துண்டு. ஜீவாமிர்தம், மீன் கரைசல் ஊறவைக்கிற பீப்பாய்க்குத் துணி போட்டுக் கயிறால இறுக்கிக் கட்டவேணும், சும்மா மூடியைச் சாத்தி வச்சால் காணாது. அதில வாறது பெரும்பாலும் கியூலெக்ஸ், அழுக்குத் தண்ணி நுளம்பு. டெங்கு தராது, ஆனா இரவெல்லாம் நித்திரை இல்லை. ரெண்டையும் பிரிச்சறிய: கியூலெக்ஸ் குடம்பி நீண்ட மூச்சுக்குழாயைத் தண்ணி மட்டத்தில குத்திச் சரிஞ்சு தொங்கும். ஈடிஸின் குழாய் குட்டை, நிழல் பட்டவுடன 'எஸ்' மாதிரி நெளிஞ்சு அடிக்கு ஓடும்.

மேல்மாடி (வெள்ளவத்தை)

இன்னொண்டு. தக்காளி ஒண்டு பச்சையாவே வாடி விழுந்திட்டுது. மண் ஈரம். இலையில மஞ்சளும் இல்லை.

வேப்பங்கொட்டை

அடித்தண்டில் 5 சென்ரிமீற்றர் துண்டு வெட்டி, கண்ணாடிக் கிளாஸில் தெளிந்த தண்ணிக்குள் நுனி மட்டும் முங்கும்படி பிடியுங்கள். கையை ஆட்டாதீர்கள். ஐந்து நிமிடத்துக்குள் வெட்டு முகத்திலிருந்து வெள்ளைப் புகைபோல நூல் நூலாகக் கீழே இறங்கினால் பற்றீரியா வாடல். இறங்காமல், தண்டின் உள்ளே மண்ணிறமாக மட்டும் இருந்தால் பங்கசு வாடல்.

பற்றீரியா என்றால் மருந்து இல்லை. விற்றாலும் வாங்காதீர்கள். செடியை மண்ணோடு பையில் கட்டி அகற்றுங்கள், அந்த மண்ணைப் பக்கத்துச் சாடிக்குப் பிரித்துப் போடுவதுதான் மொத்தத் தோட்டமும் போகும் வழி. தட்டில் வழிந்த தண்ணியை அடுத்த சாடிக்கு ஊற்றுவதும் அதே. வெட்டிய கத்தியைக் கொதிநீரில் போடுங்கள். அந்தச் சாடியில் அடுத்த முறை தக்காளி, கத்தரி, மிளகாய் வேண்டாம், கீரையோ பயற்றங்காயோ போடுங்கள். கத்தரி விட முடியாதவர்கள் சுண்டங்காய்க் கண்டில் ஒட்டுக்கட்டலாம், அதன் வேர் இந்தப் பற்றீரியாவைத் தாங்கும்.

நெறியாளர்

இழை நீளுது, ஒரு விடயம் மட்டும். லேபல் இல்லாத சோடாப் போத்தலில் பிரித்து விற்கும் மருந்தை இங்கே யாரும் பரிந்துரைக்கவேண்டாம். ஊரிலிருந்து கொண்டுவந்த பழைய போத்தல் விபரங்களும் வேண்டாம். மொனோக்குறோட்டோபொஸ் 1995இலும் எண்டோசல்பான் 1998இலும் தடையான பூச்சிமருந்துகள். தனிப்பட்ட பயிர்ச் சந்தேகத்துக்கு விவசாயத் திணைக்களத்தின் 1920க்கு எடுங்கள், தமிழில் கதைக்கலாம்.

மேல்மாடி (வெள்ளவத்தை)

கிளாஸில வெள்ளை நூல் இறங்கினது. சாடியோட கட்டியாச்சு. கடைசிக் கேள்வி: 12 நாள் ஊருக்குப் போறம். தட்டில தண்ணி விடாமல் செடி எப்படித் தாங்கும்?

சிரட்டை

12 நாள் எண்டால் ஒரு முழுத் தலைமுறை நுளம்பு. எல்லாத் தட்டையும் கவிழ்த்து அடுக்குங்கோ. சாடிகளை நிழல் சுவரோரம் நெருக்கி வச்சு, மேல்மண்ணுக்கு ரெண்டு அங்குலம் தும்புத்தூள். ஒன்றரை லீற்றர் போத்தல் மூடியில ஓட்டை போட்டு பருத்தித் திரி இறுக்கமாச் செருகிக் கவிழ்த்துப் புதையுங்கோ, மூடியும் திரியும் அடைச்சிருக்கிறதால நுளம்பு உள்ள போகாது. மிளகாய்க்கு அது 5, 6 நாள்தான் காணும். அதால நடுவில ஒருக்கா யாரும் வந்து ஊத்தவேணும். வாறவையிட்டச் சொல்லுங்கோ, பாவிக்காத குளியலறைக் கொமட்டை ஒருக்கா ஃபிளஷ் பண்ணி மூடியை மூடட்டும், அதோட பிரிட்ஜுக்குப் பின்னால அடியில ஒரு தண்ணித் தட்டு இருக்கும், அதையும் இழுத்து ஊத்தட்டும்.

மேல்மாடி (வெள்ளவத்தை)

பிரிட்ஜுக்குப் பின்னால தட்டு இருக்குதோ? இப்பதான் இழுத்துப் பாத்தன். அதுக்குள்ளயும் நெளியுது.